உருள்பட்டைக்கு உரிய இடம்

1988இல் டிசிஎல் மொழியைப் படைத்த ஜான் ஔஸ்டர்ஹவுட், கணினித் திரையமைப்பிற்கென ஆக்கிய கருவித்தொகுதி டிகே. அதில் பட்டியல் வேறு, உருள்பட்டை வேறு. ஒரே பட்டையால் இரு பட்டியல்களை நகர்த்தலாமாதலின் இப்பிரிவு பாராட்டத்தக்கதே.

ஆயின், ‘பேக்’ என்னும் அடுக்குமுறை முதலில் வைத்த உறுப்பிற்கே முதலில் இடமளிக்கும். பலர் பட்டியலை முன்னும் பட்டையைப் பின்னும் வைக்கின்றனர். விளைவு யாது? மூலையைப் பற்றிச் சாளரத்தைச் சுருக்கினால், பின்வைத்த பட்டையே முதலில் மறைகிறது. உருட்டவேண்டிய தேவையோ அப்பொழுதுதான் மிகுகிறது! கருவி எச்சரிப்பதுமில்லை, இது குறையே. மாணவர் பெயர்ப்பட்டியலாயின், கடைசிப் பெயர்கள் உளவென்பதையே ஆசிரியர் அறியாது போகலாம்.

பட்டையை முன்வைத்து, எஞ்சிய இடத்தைப் பட்டியலுக்கு விடுதலே முறை. பெரியது சற்றுக் குறுகினும் பயன்படும். சிறியது மறைந்தால் பயனில்லை.