முகாம் வளர்த்த அணி

2017 அக்டோபர் 9. தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டம். கொலம்பியாவிடம் 0–1 என்று பின்தங்கியிருந்த இந்தியாவுக்கு 82ஆவது நிமிடத்தில் கார்னர் கிடைத்தது. சஞ்சீவ் ஸ்டாலின் உதைத்தனுப்பிய பந்தை, மணிப்பூரின் ஜீக்சன் சிங் எகிறித் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அதுதான். கொண்டாட்டம் அடங்குவதற்குள், அடுத்த நிமிடமே, பெனலோசா தன் இரண்டாவது கோலை அடித்துக் கொலம்பியாவுக்கு வெற்றியைத் தேடித்தந்தார்.

அந்த அணி தகுதிச் சுற்றில் வென்று வந்ததல்ல. போட்டியை நடத்தும் நாடு என்பதால் இடம் பெற்றது. கையில் இருந்த காலத்தில் ஓர் அணியை உருவாக்க அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்த வழி, நீண்ட உறைவிட முகாம். பல மாநிலங்களிலிருந்து சிறுவர்களைத் தேர்ந்து, கோவாவில் ஒன்றாகத் தங்கவைத்து, அயல்நாட்டுப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்து, வெளிநாட்டுப் பயணங்களுக்கும் அனுப்பினார்கள். ஜெர்மனியின் நிக்கோலாய் ஆடம் தொடங்கிய பணியை, 2017 தொடக்கத்தில் போர்த்துகலின் லூயிஸ் நார்ட்டன் டி மாட்டோஸ் ஏற்றுக்கொண்டார். இந்த முகாம் முறை எதைச் சாதித்தது, எதைச் சாதிக்க முடியாமல் போனது என்று எடைபோட அந்த உலகக் கோப்பையும் அதற்குப் பின் வந்த ஆண்டுகளும் போதிய சான்றுகளைத் தருகின்றன.

முதலில் நிறைகள். நம் நாட்டில் 14 வயதுப் பையனுக்கு நல்ல புல்தரையும், வேளாவேளைக்குச் சத்தான உணவும், காயம்பட்டால் கவனிக்க மருத்துவரும் ஒருசேரக் கிடைப்பது அரிது. முகாம் அதைக் கொடுத்தது. 21 பேர் கொண்ட அணியில் எட்டுப் பேர் மணிப்பூர்க்காரர்கள். பெரிய கிளப்புகளோ பணம் புழங்கும் லீக்குகளோ இல்லாத ஊர்களின் திறமைக்கு முகாம் கதவு திறந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆட்டத்திலும் பலன் தெரிந்தது. அமெரிக்காவிடம் 0–3 என்று தோற்ற அணி, மூன்றே நாளில் கொலம்பியாவை 80 நிமிடங்களுக்கு மேல் ஒரே கோலோடு நிறுத்திவைத்தது. தடுப்பு வரிசை இடைவெளி விடாமல் நகர்ந்தது, கோல்கீப்பர் தீரஜ் சிங் அடுத்தடுத்துப் பந்துகளைத் தடுத்தார், ராகுல் கே.பி. அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த அணியின் ஜீக்சன், அன்வர் அலி, சுரேஷ் சிங், ரஹீம் அலி, ராகுல் ஆகியோர் பின்னாளில் தேசிய சீனியர் அணியிலும் ஆடினார்கள். ஒரே இளையோர் அணியிலிருந்து இத்தனை பேர் மேலே வந்தது சிறிய வெற்றியல்ல.

இனி குறைகள். முகாமின் முதல் குறை, அது மூடிய வட்டம் என்பது. 13, 14 வயதில் தேர்வாகாதவன் 16 வயதில் எப்படி வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க அதற்குள் வழியில்லை. ஜீக்சன் கதையே இதற்குச் சாட்சி. பஞ்சாபின் மினர்வா அகாடமி அணி ஒரு பயிற்சி ஆட்டத்தில் தேசிய முகாம் அணியை வீழ்த்திய பிறகே, அங்கிருந்த ஜீக்சன், அன்வர் அலி போன்றவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். இந்தியாவின் ஒரே உலகக் கோப்பை கோலை அடித்தவர் முகாமுக்கு வெளியே வளர்ந்தவர். டி மாட்டோஸ் கதவைத் திறந்ததால் அவர் வந்தார். இன்னொரு பயிற்சியாளர் திறக்காமலும் போயிருக்கலாம்.

இரண்டாவது குறை, ஆட்டங்களின் தரம். முகாமில் இருப்பவர்களுக்கு வாரந்தோறும் புள்ளிக்காக மோதும் லீக் இல்லை. கிடைப்பதெல்லாம் சுற்றுப்பயண ஆட்டங்கள். 2017 மே மாதம் இத்தாலியின் 17 வயதுக்குட்பட்டோர் அணியை 2–0 என்று வென்றுவிட்டதாகச் செய்தி வந்து நாடே மகிழ்ந்தது. எதிரில் ஆடியது தங்கள் தேசிய அணி இல்லை என்று இத்தாலியக் கூட்டமைப்பு பிறகு தெளிவுபடுத்தியது. அறிவிப்பில் நேர்ந்த பிழையைவிட அது காட்டிய உண்மைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தங்கள் உண்மையான நிலை என்ன என்று அந்தப் பையன்கள் அளந்துபார்க்கச் சரியான அளவுகோலே இல்லை. அக்டோபர் 12இல் கானா 4–0 என்று வென்றபோதுதான் அது தெரிந்தது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. அதை 2018 அணியோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். பிபியானோ ஃபெர்னாண்டஸ் பயிற்சியளித்த அந்த 16 வயதுக்குட்பட்டோர் அணி மலேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் வியட்நாமை 1–0 என்று வென்றது. ஈரானுடனும் இந்தோனேசியாவுடனும் கோலின்றிச் சமன் செய்தது. காலிறுதியில் தென்கொரியாவிடம் 0–1 என்று தோற்றது. அதில் வென்றிருந்தால் நடத்தும் நாடு என்ற சலுகையில்லாமலே உலகக் கோப்பைக்குப் போயிருக்கும். நான்கு ஆட்டங்களில் ஒரே கோல் வாங்கியது மெச்சத்தக்க தடுப்பாட்டம். ஆனால் அடித்ததும் ஒரே கோல், அதுவும் பெனால்டி. 2017இல் கிடைத்த ஒரே கோலோ கார்னரில் வந்தது. இரண்டு போட்டிகள், ஏழு ஆட்டங்கள். ஓடும் ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தடுப்பு ஒழுங்கைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பதியவைக்கலாம். கார்னரையும் ஒத்திகை பார்க்கலாம். பெட்டிக்குள் பந்து வந்த கணத்தில் அடிப்பதா, கொடுப்பதா, உடலைத் திருப்புவதா என்று முடிவெடுக்கும் திறமை அப்படி வராது. முன்பின் தெரியாத தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தவறவிட்டுத் தவறவிட்டுத்தான் அது கைகூடும். முகாமில் தினமும் எதிரே நிற்பவன் பக்கத்துக் கட்டில்காரன். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது முன்கூட்டியே தெரியும்.

கூட்டமைப்பும் இதை ஓரளவு உணர்ந்திருந்தது. 2017 உலகக் கோப்பை முடிந்ததும் அந்தப் பையன்களைக் கொண்டு இந்தியன் ஆரோஸ் அணியை மீண்டும் அமைத்து ஐ-லீக்கில் இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை அவர்கள் 3–0 என்று வென்றார்கள். கிளப்புகளில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதில் 90 நிமிடங்கள் ஆடக் கிடைத்தது பெரும் பேறு. என்றாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் அச்சம் அந்த அணிக்கு இல்லை, பயன்பெற்றதும் ஒருசிலரே. 2022இல் அது கலைக்கப்பட்டது.

உஸ்பெகிஸ்தானும் இதே போல ஒலிம்பிக் தாஷ்கண்ட் என்ற இளையோர் அணியைத் தன் லீக்கில் ஆடவைத்தது. ஆனால் அங்கே கிளப் அகாடமிகள் ஏற்கெனவே வீரர்களை வளர்த்துக்கொண்டிருந்தன. தனி அணி அவற்றின் மேல் வைத்த கூடுதல் படி. 2012இல் 16 வயதுக்குட்பட்டோர், 2023இல் 20 வயதுக்குட்பட்டோர், 2025இல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியப் பட்டங்களை வென்ற அந்த நாடு, 2026 உலகக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கிறது. நாமோ அடிப்படிகளைக் கட்டாமலே மேல்படிக்குத் தாவினோம்.

ஆகவே முகாமே வேண்டாம் என்பது என் முடிவல்ல. ஏழைக் குடும்பத்துச் சிறுவனுக்கு அது கொடுக்கும் உணவையும் மருத்துவத்தையும் வேறு எதுவும் இன்னும் ஈடுசெய்யவில்லை. 2025 நவம்பரில் அகமதாபாத்தில் ஈரானை 2–1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற 17 வயதுக்குட்பட்டோர் அணி, சரியான பயிற்சி இருந்தால் நம் பையன்களால் முடியும் என்று மறுபடியும் காட்டியது. மாற வேண்டியது வரிசை. ஆண்டில் ஏழெட்டு மாதங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் புள்ளிகளுக்காக ஆடும் இளையோர் லீக் நடக்க வேண்டும். முகாம் அதன் இறுதியில் சில வாரங்கள் கூடினால் போதும். யார் வருவது என்பதை அந்தப் பருவத்தின் ஆட்டம் தீர்மானிக்கட்டும். மூன்றாண்டுக்கு முந்தைய தேர்வுப் பட்டியல் தீர்மானிக்க வேண்டாம். கூட்டமைப்பு இளையோருக்குச் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு 20 பேரின் விமானப் பயணத்துக்குப் போகாமல், சில ஆயிரம் பேரின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போகுமானால், ஓடும் ஆட்டத்தில் கோல் அடிக்கும் முன்கள வீரனை நாம் தேடி அலைய வேண்டியிருக்காது.