முதுகு காட்டும் குழந்தைகள்

ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் தாயையும் சேயையும் விறைப்பாக உட்காரவைத்து, விளக்குகளின் உஷ்ணத்தில் இருவர் முகத்திலும் வியர்வை அரும்பும்வரை காக்கவைத்து எடுக்கிற படத்தைவிட, காலை வேளையில் வேப்பமர நிழலின் ஓரத்தில், எதிரேயுள்ள வெள்ளையடித்த சுவர் திருப்பித் தரும் மிருதுவான ஒளியில் எடுக்கிற படமே எனக்கு உவப்பானது. நிழலின் நடுவில் அல்ல, ஓரத்தில். அங்கேதான் குழந்தை கண்ணை இடுக்காது, தாயின் கன்னமும் ஒரு பக்கம் சற்றே இருண்டு உருட்சி பெறும். உச்சிவெயிலோ கண்குழிகளில் கரியை அப்பிவிடும்.

1936-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் நிபோமோ என்னும் ஊரருகே, பட்டாணிப் பயிர் உறைபனியில் அழிந்துபோனதால் பிழைப்பின்றிக் கிடந்த கூலிகளின் முகாமை மழைநாளொன்றில் கடந்து சென்று, சுமார் 20 மைல் போனபின் மனம் கேளாமல் காரைத் திருப்பிக்கொண்டு வந்த புகைப்படக் கலைஞர் டாரதியா லாங், கித்தான் கூடாரத்தடியில் எடுத்த ஒரு தாயின் படம் இவ்வித ஒளியின் பரிபூரண சாட்சி. மடியில் சிசு, மோவாயைத் தொட்ட விரல்கள், எங்கோ தொலைவில் நிலைத்த பார்வை. ‘குழந்தை இந்தப் பக்கம் பார்க்கமாட்டேன் என்கிறதே’ என்று நாமெல்லாம் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருக்க, அங்கே இரண்டு குழந்தைகள் தாயின் தோளில் முகம் புதைத்து, காமிராவுக்கு முதுகைக் காட்டியே படத்தின் சோகம் முழுவதையும் சொல்லிவிடுகின்றன. கீழ்மூலையில் தெரிந்த ஒரு கட்டைவிரலை மட்டும் லாங் பிற்பாடு நெகடிவில் மங்கவைத்துவிட்டார். நானாயிருந்தால் அது இருந்துவிட்டுப் போகட்டுமென்று விட்டிருப்பேன்.