பின்சீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

புத்தகத்தை விமர்சிக்கிறோம். சினிமாவை விமர்சிக்கிறோம். கல்யாண வீட்டு ரசத்தைக்கூட விடுவதில்லை. காரை மட்டும் 'மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?' என்ற ஒரே கேள்வியோடு விட்டுவிடுகிறோம். அது விமர்சனம் இல்லை. நாவலைத் தராசில் வைத்து எடைபோடுகிற காரியம்.

இந்த வாரம் ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி செய்து அனுப்பிய கார் அல்ல. அதன்மேல் ஒரு கணவன், அப்பாவாகப் போகிற பரபரப்பில், மாதக்கணக்கில் கைவைத்துச் செய்த கார். வீட்டில் வயிற்றில் ஒன்று வளர, மெக்கானிக் ஷெட்டில் இன்னொன்று வளரும். 'ப்ராஜக்ட் கார்' என்பார்கள். உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கிலும் ஒன்று நிச்சயம் இருக்கும். சொந்தக்காரர் யாரென்று விசாரிக்க வேண்டாம். லிஃப்ட் வருவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

நான் பார்த்தது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245. 2020-ல் இந்தியாவுக்கு வந்ததே மொத்தம் 200 கார்தான். ரெண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டர்போ, 245 குதிரை. 590 லிட்டர் டிக்கி. வெளியே பார்த்தால் பரம சாது. நெற்றி நிறைய விபூதி பூசிய குஸ்தி வாத்தியார் மாதிரி. (டிக்கியோடு பின் கண்ணாடியும் சேர்ந்து தூக்கிக்கொள்வதால் இதை செடான் என்று சொல்லலாமா என்று ஒரு கோஷ்டி சண்டை போடும். அவர்கள் போடட்டும்.) சொந்தக்காரர் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரர். நல்ல சம்பளம், நிறையப் பொறுமை, பெண்டாட்டி மேல் நிஜமான பிரியம் மூன்றும் உள்ளவர். ஒரு முழு சாயந்திரம் உட்காரவைத்து விளக்கினார்.

''எல்லாம் குழந்தைக்காகத்தான் சார்'' என்றார்.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படைப்பாளி தன் படைப்பு எதற்காக என்று சொல்கிறானோ, அந்த அளவுகோலை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஆசை ஒன்றும் புதுசில்லை. 1950-ல் இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ 1900 என்று ஒரு நாலு கதவுக் கார் வந்தது. 'பந்தயங்களில் ஜெயிக்கும் குடும்பக் கார்' என்று விளம்பரம் செய்தார்கள். ஒரே வரியில் உலகத்துக் கணவன்மார்கள் அத்தனை பேருக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. மனைவியிடம் நாலு கதவைக் காட்டலாம். நண்பனிடம் பானெட்டைத் திறந்து காட்டலாம். 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்கிற வகை முழுவதும் அந்த ஒரு வரிக்கு எழுதிய பொழிப்புரைதான்.

தொண்ணூறுகளில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஜப்பான்காரர்கள். உலக ராலி போட்டியில் ஓட்டும் கார், கடையில் பொதுஜனத்துக்கு விற்கிற காராக இருக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் செய்திருக்க வேண்டும் என்று அப்போது விதி. அதனால் 1992-ல் சுபாரு இம்ப்ரெஸாவும் மிட்சுபிஷி லான்ஸர் எவல்யூஷனும் பிறந்தன. 1995-ல் காலின் மெக்ரே சுபாருவில் உலக சாம்பியன் ஆனார். 1996-லிருந்து 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து டாமி மாக்கினென் மிட்சுபிஷியில் ஜெயித்தார். (அதே லான்ஸரின் சாதுவான தம்பி 1998-லிருந்து நம் திருவள்ளூரில் தயாரானது. உங்கள் மாமா ஒருவர் வைத்திருந்திருப்பார்.)

சேற்றிலும் பனியிலும் பறந்த அந்த ராலி கார்களின் படம் கிடைத்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்கதவு ரெண்டும் இருக்கும். பின்சீட் இருக்காது. அதைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருப்பார்கள். 'குடும்பக் கார்' என்பதற்குக் கதவு மட்டும் சாட்சி. உட்கார இடமில்லை. ஸ்போர்ட்ஸ் செடானின் பொய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இப்போது நம்மவர் செய்த மாற்றங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டயரையும் பிரேக் பேடையும் உயர்ந்த தரத்துக்கு மாற்றியிருக்கிறார். கார் பூமியைத் தொடுவது நாலே இடத்தில், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். மழை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நூறில் போகும்போது முன்னால் ஒரு லாரி திடீரென்று நின்றால் 245 குதிரைகளும் கைவிட்டுவிடும். ரப்பர்தான் காப்பாற்றும். மொத்தத் தொகுப்பில் உருப்படியான கவிதைகள் இந்த ரெண்டும்தான். ஆச்சரியம், இதைப் பற்றி அவர் ரெண்டு நிமிஷம்தான் பேசினார்.

சைலன்ஸரைப் பற்றி நாற்பது நிமிஷம்.

பழையதை எடுத்துவிட்டுப் பருமனான குழாய் வைத்திருக்கிறார். ஸ்டார்ட் செய்து காட்டினார். எதிர் ஃபிளாட்டில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ரெண்டு வெடிப்பு. நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் வினாடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். கட்டைக் குரல் ஆண்பிள்ளை பேசுகிற சுருதியும் ஏறக்குறைய அதேதான். ஆறு மாதத்துக்கு மேல் கருவிலிருக்கும் குழந்தைக்குக் காது கேட்கிறது. அதுவும் கீச்சென்ற சத்தங்களைவிட இந்த மாதிரி அடிநாதம்தான் வயிற்றுச் சுவரைத் தாண்டி நன்றாக உள்ளே போகும். பிறந்த பிறகு குழந்தை அப்பாவின் குரலுக்குத் திரும்புகிறதா, சைலன்ஸருக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது சஸ்பென்ஷன். 'காயில்ஓவர்' என்று ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு ஜோடி. அதைப் போட்டுக் காரைத் தரையை நோக்கி இறக்கியிருக்கிறார். வளைவில் சாயாது என்பது வாஸ்தவம். ஆனால் நம் வீட்டுத் தூளியை நினைத்துப் பாருங்கள். ரெண்டு மீட்டர் நீளப் புடவை ஒருமுறை போய்த் திரும்பக் கிட்டத்தட்ட மூன்று வினாடி. பாட்டிகள் பௌதிகம் படிக்காமலே கண்டுபிடித்த வேகம். குடும்பக் காரின் ஸ்பிரிங் வினாடிக்கு ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேலே ஆடும். இறுக்கினால் ரெண்டை எட்டும். தூங்கவைப்பதிலிருந்து தூக்கிப்போடுவதற்கு வந்துவிட்டோம். போதாததற்கு வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம் வரை ஸ்பீட் பிரேக்கர்களை எண்ணிப் பாருங்கள்.

எஞ்சினின் கம்ப்யூட்டர் ப்ரோகிராமைத் திருத்தி எழுதி 245-ஐ முந்நூறுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருப்பதாகவும் சொன்னார். இருக்கலாம். கம்பெனி கொடுத்த மூல அமைப்பை மாற்றுவது சட்டப்படி செல்லாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை நினைவுபடுத்தினேன். ''ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியாது சார்'' என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் ஆர்.டி.ஓ. அல்ல. அவர் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

முன்னால் ரெண்டும் பந்தயக் கார் பாணி பக்கெட் சீட். சாயாது, இடுப்பைக் கவ்விப் பிடிக்கும். நிறைமாதக்காரி அதில் உட்கார ஒருவர், எழுப்ப ரெண்டு பேர் வேண்டும். கர்ப்பிணிகள் பெல்ட் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேலே வரக்கூடாது. அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். இது எதுவும் அந்த சீட்டில் ஒழுங்காக அமையாது. ''அவ எங்க சார் இப்ப ஏறப்போறா? வளைகாப்பு முடிஞ்சு திருச்சி போயாச்சு'' என்றார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. மனைவி ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஸ்கேனுக்கு மாமியார் கூடப் போகிறார். கஷாயம், பத்தியம், பிரசவ லேகியம் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. இவருக்கு ஒரு வேலையும் கிடையாது. போனில் ''சாப்பிட்டியா?'' என்று கேட்பதோடு சரி. கையில் பணமும் மனசில் பயமும் இருக்கிறவனுக்குத் தன் ஆளுகையில் மிச்சமிருக்கும் ஒரே டிபார்ட்மெண்ட் கார். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பல தகப்பன்கள் இவ்வளவுகூட மெனக்கெடுவதில்லை.

ஆனால் விமர்சகன் வேலை அனுதாபத்தோடு முடிவதில்லை. பின்கதவைத் திறந்து காட்டி அடுத்த திட்டத்தைச் சொன்னார். ''இந்த பேக் சீட்டைக் கழட்டிட்டுக் குறுக்க ஒரு பிரேஸ் பார் போட்டா பாடி அப்படியே இறுகிடும் சார்.''

''குழந்தை எங்கே உட்காரும்?''

''அது அவங்கம்மா மடியிலதானே சார்.''

இங்கேதான் மொத்தப் படைப்பும் சரிகிறது. அவர் மட்டும் சொல்கிற பதில் இல்லை இது. டாக்டர்களும் வக்கீல்களும்கூட ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை அப்படித்தான் கொண்டுவருகிறார்கள், பெரும்பாலும் முன்சீட்டில். மறுபடி கணக்கு. அம்பது கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதி, பத்தில் ஒரு வினாடியில் நிற்கிறது என்று வையுங்கள். நாலு கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த அம்பத்தேழு கிலோ மூட்டையைத் தூக்குகிற பலம் வேண்டும், எதிர்பாராமல், தூக்கக் கலக்கத்தில், தையல் ஆறாத உடம்போடு. எந்தத் தாய்க்கும் அந்தக் கை கிடையாது. பாசத்தில் குறைவில்லை, தசையில்தான். அவளுக்கு முன்னால் டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் வேறு காத்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது தலையணை. மடியில் இருக்கிற பிஞ்சுக்கு அது பேயறை.

இதற்கு விடை கண்டுபிடித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்து படுத்த நிலையில் புறப்படுவதைக் கவனித்தார். ராக்கெட்டின் அழுத்தம் முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது. அதே தத்துவத்தைக் குழந்தைக்கு வைத்து 1964-ல் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டைச் செய்தார். பச்சைக் குழந்தைக்கு உயரத்தில் கால்பங்கு தலைதான். நமக்கு எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையை அவ்வளவு மெல்லிய கழுத்து தாங்க வேண்டும். முன்பார்த்து உட்கார்ந்தால் மோதலில் தலை முன்னால் பாயும். பின்பார்த்து உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே ஏந்திக்கொள்ளும். அந்த சீட்டைக் கவ்விப் பிடிக்க ஆக்டேவியாவின் பின்சீட் இடுக்கில் கம்பெனிக்காரனே இரும்பு வளையங்கள் வைத்து அனுப்பியிருக்கிறான். 'ஐஸோஃபிக்ஸ்' என்று பெயர். கோடுபோட்ட டயரைக் காட்டியவர், குழாயைக் காட்டியவர், அந்த வளையங்களை நான் விரல்விட்டுத் தடவிக் காட்டியபோதுதான் முதல் தடவை பார்த்தார். அந்தக் காரில் குழந்தைக்காக இருந்த ஒரே பாகம் அது. அதைத்தான் கழற்ற இருந்தார்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194-பி என்ற பிரிவு. பதினாலு வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டிலோ குழந்தை சீட்டிலோ பொருத்தாமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஹெல்மெட்டுக்குப் பிடிக்கிற போலீஸ்காரர் இதற்குப் பிடித்து நான் பார்த்ததில்லை.

அவர் மறுக்கவில்லை. வேறு ஒரு சங்கடம் சொன்னார். முந்தின வாரமே கடையில் ஒரு சீட் விலை கேட்டிருக்கிறார். மாமியாருக்குத் தெரிந்துபோய், ''குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாது மாப்ளே, கண்ணு பட்டுரும்'' என்று தடுத்துவிட்டாராம். தொட்டில், சட்டை, கொலுசு எல்லாவற்றுக்கும் நம் ஊரில் உள்ள விதி இது. பிரசவத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுத்த காலத்தில் அந்தம்மாவின் பாட்டிகள் அழுதுகொண்டே எழுதின விதி. சிரிக்க முடியாது. பிறந்த பிறகு தொட்டில் வாங்கினால் ஒன்றும் குறைந்துபோகாது, அதுவரை பழைய புடவை போதும். ஆனால் இந்த ஒரு சாமான் தேவைப்படுவது முதல் பயணத்துக்கு. விதிப்படி நடந்தால், அந்த முதல் பயணத்தில் முந்நூறு குதிரை, பந்தய டயர், பருத்த சைலன்ஸர் எல்லாம் இருக்கும். குழந்தைக்கு இடம் இருக்காது.

உங்கள் வீட்டிலும் இந்தப் பிரச்னை வரும் என்றால் ஒரு வழி. சீட்டை வாங்கி, ஒரு நண்பர் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வைத்துவிடுங்கள். வாங்கினது அவர், பிறந்ததும் கொண்டுவந்து கொடுத்தது அவர். மாமியார் ஆட்சேபிக்க முடியாது. நம்மவர் இதற்கு ஒப்புக்கொண்டார். பிரேஸ் பார் ஆர்டரையும் நிறுத்திவைத்திருக்கிறார். பக்கெட் சீட்டில் ஒன்றைக் கழற்றிப் பழைய சீட்டைப் போட வேண்டியிருக்கும். அது நகராது, பின்பார்த்த சீட்டுக்கு இடம் கொடுக்க முன்சீட் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும். சீட் வந்ததும் டப்பாவைப் பிரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்துவிடுங்கள். முதல் தடவை அரைமணியாவது ஆகும். ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடிக்கும்போது, மேனுவலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.