கீர்த்தனையும் கஞ்சித் தொட்டியும்

ஆகஸ்டுத் திங்களின் கடைசி நாட்களில் நன்னிலம், திருவாரூர், நாகை என நீளும் காவிரிப் படுகைச் சாலைகளில் காவியுடுத்து நடக்கும் கூட்டத்தைக் காணாதவர் இரார். காலில் கொப்புளம், தலையில் மூட்டை, நெஞ்சில் நேர்த்திக்கடன். செப்டம்பர் 8-இல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்கின்றனர். தீராத நோய், அடையாத கடன், பிறவாத பிள்ளை, இவைதாம் அவர்களை நடத்துகின்றன. அவர்களைப் பார்த்து நகைப்பது நம் வேலையன்று. செபத்தின் வல்லமையை நம்பக் கற்றுக்கொள் என்று அவர்களுக்குப் போதித்த இலக்கியத்தை ஆராய்வதே நம் வேலை.

அந்த இலக்கியம் தமிழில் வளமாகவே உண்டு. வைணவக் குடியில் பிறந்து 1858-இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை, பனியனின் ஆங்கில நூலைத் தழுவி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். அவருடைய 'இரட்சணிய மனோகரம்' உருக்கமானது; சுவையில் குறை கூற இயலாது. ஆனால் படித்து முடித்தபின் ஒன்று உறுத்துகிறது. தெய்வத்தின் பெயர் மாறியிருக்கிறது. கெஞ்சும் குரல் மாறவேயில்லை. ஆழ்வாரும் நாயன்மாரும் வீழ்ந்து கிடந்த அதே வாயிற்படியில், வேறொரு கதவைத் தட்டுகிறார் புலவர். மதம் மாறினார், மண்டியிடுதல் மாறிற்றா?

கிருஷ்ணப்பிள்ளையை விட நமக்கு அணுக்கமானவர் மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளை (1826–1889). நன்னிலத்துக்கு அண்டை ஊர்க்காரர் என்றே கொள்ளலாம். கத்தோலிக்கர், 'நீதி நூல்' தந்தவர், பெண் கல்விக்கு வாதாடியவர், 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தமிழின் முதல் புதினமாக அளித்தவர். தெலுங்குக் கீர்த்தனைகளே இசையரங்கை ஆண்ட காலத்தில், எம்மதத்தவரும் பாடத் தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களைத் தமிழில் இயற்றியவர். அதற்காகவே அவரை ஒருமுறை வணங்கலாம். வணக்கம் என்ற சொல்லை நாமும் இழந்துவிட வேண்டியதில்லையே!

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். வேதநாயகர் இறைவனை நோக்கிப் பஞ்சம் தீருமாறு பாடினார். பாடிவிட்டு விடைக்காகக் காத்திருந்தாரா? இல்லை. தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டி திறந்தார். அதைக் கண்டு நெகிழ்ந்த 'நந்தனார் சரித்திர' ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார், வேதநாயகரைப் புகழ்ந்து பாடினார். பாட்டுடைத் தலைவராக அங்கே நின்றவர் ஒரு மனிதர், வானம் அன்று.

செபம் உலகை மாற்றாவிடினும் செபிப்பவனின் உள்ளத்தைக் கனிவிக்கும், அக்கனிவே கஞ்சியாயிற்று என்பர் சமயவாணர். வலுவான வாதம், எளிதில் தள்ளமாட்டேன். ஆனால் நெல்லைப் பூட்டி விலையேற்றத்துக்குக் காத்திருந்தோரும் கும்பிட்டவர்கள்தாமே? கும்பிடு இருவருக்கும் பொது. கஞ்சி ஒருவரிடம் மட்டும். எனில், கஞ்சியின் காரணத்தைக் கும்பிட்டில் தேடுவதெப்படி?

கீர்த்தனையின் உண்மையான குறை வேறு. விண்ணப்பத்தின் முகவரியே தவறு. மழை பொய்த்தது மெய். ஆயினும் நாடு பசித்திருக்கையில் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. கூலிக்குக் கல்லுடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் அளந்தவர் ரிச்சர்டு டெம்பிள். அளந்தவர் கல்கத்தாவின் ஆள். மனுவோ வானுலகுக்குப் போயிற்று.

செபத்தை அளந்தும் பார்த்துவிட்டனர். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. செபித்தவர்கள் கிறித்தவக் குழுவினர்; செலவில் பெரும்பங்கு, சமயத்தின்பால் பரிவுள்ள டெம்பிள்டன் அறக்கட்டளையுடையது. செபம் கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருந்தவர்களுள், செபம் பெற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல். தமக்காகச் செபிக்கின்றனர் என உறுதியாக அறிந்திருந்தோரில் 59!

எண்களை விடுங்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிறு. வேளாங்கண்ணிக் கரையில் ஆழிப் பேரலை யாத்திரிகர்களை வாரிச் சென்றது. கோயிலுக்குள் நீர் புகவில்லை, அற்புதம் என்றனர் சிலர். மணலில் மாண்டவர்கள் யார்? அதே கோயிலுக்குச் செபிக்க வந்தவர்கள் அல்லரோ? சுமத்திராவில் நிலம் அதிர்ந்தபின் அலை நாகையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்நேரத்தில் ஒருவர் ஓடிவந்து சொல்லியிருந்தால் போதும். சொல்வதற்கு ஓர் அமைப்பில்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-இல்தான் வந்தது.

வேதநாயகரின் கீர்த்தனைகள் இன்றும் இசைமேடைகளில் ஒலிக்கின்றன. கேட்போர் தலையசைக்கின்றனர். கஞ்சித் தொட்டியைப் பற்றி அந்த மேடைகளில் எவரும் சொல்லக் கேட்டிலேன்.