பூஷேயின் சாட்சி

புதுக்கோட்டைப் பக்கம் ஆவூரில் 1697இல் மாதா கோயில் கட்டிய சேசு சபைப் பாதிரியார் பூஷே, பிரான்சுக்கு எழுதிய ஒரு கடிதம் என்னைத் தொந்தரவு செய்கிறது. பண்டைக் கிரேக்கக் கோயில்களில் குறி சொன்னது பிசாசு அல்ல, பூசாரிகளின் புரட்டு என்றார் ஃபோந்தனெல் (1687). அதை மறுத்து 1707இல் நூல் எழுதிய பால்துஸுக்குப் பூஷே தமிழ்நாட்டிலிருந்து சாட்சியம் அனுப்பினார்: இங்கே சாமியாடியிடம் பேசுவது பிசாசேதான், கிறிஸ்தவன் முன்னால் அது வாயடைத்துப் போகிறது. ஆக, தன் தேவனை நிரூபிக்க அவருக்கு எதிராளியின் சாமி நிஜமாக இருக்க வேண்டியிருந்தது.

காரணம் தேடுமுன் சங்கதி நடந்ததா என்று பார் என்ற ஃபோந்தனெல் பக்கமே நான். ஆனால் என் அப்பாயி சாமியாடியவள். அவளிடம் பிசாசையும் நான் பார்த்ததில்லை, புரட்டையும் பார்த்ததில்லை. இருவர் கணக்கிலும் அவளுக்கு இடமில்லை. நம் பகுத்தறிவிலும் இன்னும் இல்லை.