துருத்தியின் மூச்சு

ஒலக்கூர், திண்டிவனம் பக்கத்துக் கூத்தில் கண்ணெல்லாம் கட்டியங்காரன் மேல்தான்; பின்னால் பெஞ்சில் இருக்கும் ஆர்மோனியப் பெட்டியை யார் பார்க்கிறார்கள்? அதைக் கணினியில் வாசிக்கும்படி சாம்பிள் எடுக்க உட்கார்ந்தால் அதன் அருமை புரியும். மூன்றரை ஸ்தாயிப் பெட்டி என்றால் 42 கட்டைகள். ஒவ்வொன்றையும் தாழ்ந்த காற்றில் ஒரு தரம், ஓங்கிய காற்றில் ஒரு தரம் பதிய வேண்டும். கட்டையை அமுக்கியதும் நாதம் வந்துவிடாது. காற்று போய்ப் பித்தளை நாக்கை உசுப்ப வேண்டும். கீழ் ஸ்தாயியில் அது இன்னும் கொஞ்சம் சோம்பேறி. அந்தச் சோம்பல்தான் எனக்குப் பிடித்தது. விரலை எடுத்தால் கட்டை மேலெழும்பி 'டொக்'கென்கிறது. துருத்தி திறக்கும்போது ஒரு பெருமூச்சு. அவசரக்காரர்கள் இதையெல்லாம் இரைச்சல் என்று வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது நாதம் மட்டும், பெட்டி இல்லை.

சுரத்தை நீட்ட, பதிவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப் போட வேண்டும். துருத்திக் கை கொஞ்சம் தளர்ந்தாலும் லூப் திரும்பும் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கூத்துப் பெட்டிக்காரரின் வித்தையே கை சீராக இல்லாததில்தான்: வேஷக்காரர் குரலை ஏற்றும்போது காற்றையும் ஏற்றுவார். கீபோர்டின் மாடுலேஷன் சக்கரத்தில் அதை ஓரளவு கொண்டுவரலாம், ஓரளவுதான். சாம்பிள் எடுக்கிறவர்கள் கடைப் புதுப்பெட்டியைத் தேடாதீர்கள். கூத்தில் உழைத்த பெட்டியை, உழைத்தபடியே பதியுங்கள்.