பொய் சொல்லும் உத்தியோகம்

ஒற்றர் கதைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "இதெல்லாம் நிஜமாக நடக்குமா, ஸார்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எழுதியவர்களில் சிலர் அந்த உத்தியோகத்தையே பார்த்தவர்கள். ஸாமர்ஸெட் மாம் முதல் மகாயுத்தத்தில் ஸ்விட்ஸர்லாந்தில் பிரிட்டிஷ் ஒற்றராக இருந்தார். இயான் பிளெமிங் இரண்டாவது யுத்தத்தில் கடற்படை உளவு இலாகாத் தலைவருக்கு உதவியாளர். மாம் 1928-ல் வெளியிட்ட 'ஆஷண்டன்' கதைகளில் காத்திருப்பும் சலிப்பும் நிறைய உண்டு. பிளெமிங்கோ காரியாலய அனுபவத்தை 1953 முதல் ஜேம்ஸ் பாண்டின் சாகசமாக்கிவிட்டார். பாண்ட் குடிக்கும் பானமும் ஓட்டும் காரும் நிஜம். அதனால் ஆளையும் நம்பிவிடுகிறோம். கெட்டிக்கார வித்தைதான், சந்தேகமில்லை.

என் மனத்தில் நிற்பது கிரஹாம் கிரீன் 1958-ல் எழுதிய 'அவர் மேன் இன் ஹவானா'. தூசி உறிஞ்சும் யந்திரம் விற்கும் வொர்மால்டை லண்டன்காரர்கள் ஒற்றனாக நியமிக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. மகளின் செலவுக்குப் பணம் வேண்டும். ஆகவே இல்லாத ஒற்றர்களைப் படைக்கிறார். யந்திரத்தின் பாகங்களை வரைந்து ரகசிய ஆயுதம் என்று அனுப்புகிறார்.

மிகையான கற்பனை என்று தோன்றுகிறதல்லவா? கிரீன் யுத்தகாலத்தில் லண்டன் உளவு இலாகாவில் போர்ச்சுகல் விவகாரங்களைக் கவனித்தவர். அந்தச் சமயத்தில் ஹுவான் புஜோல் என்ற ஸ்பானியர் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தார். வழிகாட்டிப் புத்தகங்களைப் பார்த்தே அறிக்கைகள் எழுதினார். 1942-ல் பிரிட்டிஷார் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய கற்பனை ஒற்றர்கள் 27 பேரானார்கள். அவர்களில் ஒருவர் 'இறந்த'போது, இல்லாத அந்த மனிதரின் விதவைக்கு ஜெர்மானியர் பென்ஷன்கூடக் கொடுத்தார்கள்! 1944-ல் நார்மண்டிப் படையெடுப்பை மறைக்க இந்தப் பொய்கள் உதவின. இரு தரப்பும் அவருக்கு விருது வழங்கின.

புஜோலும் ஒரு நாவலாசிரியர்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நாவல் வாசகன் ஏமாறச் சம்மதித்து உட்காருகிறான். புஜோலின் வாசகனுக்கு அந்தச் சம்மதம் கிடையாது. அந்தப் பொய்க்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே ஒற்றர் கதையில் நாம் கேட்கவேண்டிய கேள்வி. கிரீன் அதைக் கேட்கிறார். வொர்மால்ட் வெறும் பெயராக எழுதியது நிஜ மனிதர்களின் உயிருக்கு உலையாகிறது. ஒரு விமானி சாகிறான். பின்னால் சிநேகிதர் ஹஸல்பாக்கரும் கொலையுண்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாம் சட்டென்று நிமிர்கிறோம்.

ஒரு குறை உண்டு. கடைசியில் இலாகா தன் அவமானத்தை மறைக்க வொர்மால்டுக்கு விருது கொடுக்கிறது. கல்யாணப் பேச்சும் வந்துவிடுகிறது. ஹஸல்பாக்கரின் சாவை கிரீன் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருந்தாலும், உளவு இலாகாவிலிருந்து அவர் கொண்டுவந்தது துப்பாக்கியோ ரகசியமோ அல்ல. எழுதிய பொய்க்கு எழுதியவனே பொறுப்பாளி என்ற பயம். பேனா பிடிக்கும் எல்லோருக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருப்பது நல்லது.